இலக்கைத் தாண்டிய பிள்ளை

பணம் போதவில்லை என்று அழுதவர்களை உலகம் நிறையப் பார்த்திருக்கிறது. பணம் போதும், தயவுசெய்து இனி யாரும் அனுப்பாதீர்கள் என்று அழுதவள் கோகிலவாணி ஒருத்தியாகத்தான் இருப்பாள். அந்த அழுகையைக் கைப்பேசியில் பார்த்த பல்லாயிரம் பேர் மனம் இளகி, மேலும் பணம் அனுப்பினார்கள் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

திருப்பூரில் பனியன் கம்பெனிகளின் தையல் வேலையையெல்லாம் இயந்திரக் கைகள் வாங்கிக்கொண்டு வெகுகாலம் ஆகியிருந்தது. துணியில் ஓட்டை, கறை இருக்கிறதா என்று பார்க்கிற செக்கிங் மட்டும் மனிதக் கண்ணுக்கு மிச்சமிருந்தது. கோகிலவாணி அந்த வேலையில் இருந்தாள். புருஷன் லாரி விபத்தில் போய்ச் சேர்ந்த பிறகு அவளுக்கென்று இருந்தது மகள் இதழினி ஒருத்திதான். ஏழு வயது. வாய் ஓயாமல் பேசுகிற பிள்ளை. அந்தப் பிள்ளையின் கல்லீரல் கல்லாகிக்கொண்டு வருகிறது என்று கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

வைத்தியம் இல்லாமல் இல்லை. பிள்ளையின் உடம்பிலிருந்தே துளி சதை எடுத்து, அதைக் கண்ணாடிக் குடுவையில் வளர்த்து, புதுக் கல்லீரலாக்கிப் பொருத்திவிடலாம். செலவு மூன்று கோடி. பணம் சேரும்வரை நோய் காத்திருக்காது என்பதால் அவளைக் குளிர்த்துயிலில் வைத்தார்கள். உடம்பைக் குளிரவைத்து, மூச்சையும் துடிப்பையும் இருக்கிறதோ இல்லையோ என்கிற அளவுக்கு இறக்கி, ஒரு கண்ணாடித் தொட்டிலில் கிடத்துவது. நோயும் அப்படியே நின்றுவிடும். தூங்க வைப்பதற்கு அரசாங்கக் காப்பீடு உண்டு. எழுப்புவதற்குத்தான் காசு நாம் கொண்டுவர வேண்டும்.

“எத்தன நாளைக்குங்க இப்புடி வெச்சிருக்கலாம்?” என்று கேட்டாள் கோகிலவாணி.

“ஒன்றரை வருஷம் பயமே இல்ல,” என்றார் டாக்டர் சாதிக். “அதுக்கு மேல போனாலும் உயிருக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா ஞாபகம் தேய ஆரம்பிக்கும். மொதல்ல முகமெல்லாம் போகும்மா.”

“எம்முகமுமுங்களா?”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கோகிலவாணிக்குப் பதில் தெரிந்துவிட்டது.

‘கைகொடு’ என்று ஒரு செயலி இருந்தது. ஊர்ப் பணத்தைத் திரட்டித் தருவது அதன் தொழில். அங்கிருந்து ரீகன் என்ற பையன் வந்தான். முப்பது வயதுக்குள் இருக்கும், திருச்சிப் பக்கம். நல்ல பையன்தான். அவனைக் கெட்டவனாக்கினால் கதை சுலபமாகிவிடும், ஆனால் உண்மை அப்படி இல்லை.

“அக்கா, கோயில்ல தீபாராதனைத் தட்ட எடுத்துட்டு வர்றதுக்கு முன்னாடி பூசாரியே அதுல நாலஞ்சு நோட்டப் போட்டு வச்சிருப்பாரு, கவனிச்சிருக்கீங்களா?” என்றான். “வெறுந் தட்டுல யாரும் போட மாட்டாங்க. அதனால மொதல்ல உங்க சொந்தக்காரங்க, கம்பெனி ஆளுங்க போடட்டும். பத்து ரூபான்னாலும் பரவால்ல. அந்த சூட்டப் பாத்துதான் வெளியாளு வருவான்.”

“அப்புறமுங்க?”

“அப்புறம் நடுவுல ஒரு பள்ளம் வரும். எல்லாருக்கும் அலுத்துப் போயிரும். அப்பதான் நீங்க புதுசா ஏதாச்சும் காட்டணும். பாப்பா வரைஞ்ச படம், பல்லு விழுந்தப்ப எடுத்த வீடியோ, இப்படி. எல்லாத்தையும் ஒரே நாள்ல கொட்டிடாதீங்க. எதுவா இருந்தாலும் சூடு மட்டும் ஆறக் கூடாது. ஆறிட்டா திரும்பப் பத்தவைக்கிறது ரொம்பக் கஷ்டம்.”

பிறகு கேமராவை அவள் முகத்துக்கு நேரே வைத்து, “மனசுல இருக்கறதச் சொல்லுங்க” என்றான். கோகிலவாணிக்குப் பேசத் தெரியாது. கும்பிட்டாள். அழுதாள். கடைசியில் சொன்னாள்: “இனிமே அவ எம்புள்ள இல்லீங்க, உங்க புள்ள. நீங்களாப் பாத்து என்ன முடிவு பண்ணுனாலுஞ் செரிங்க.”

இதைவிடச் சாதாரணமான பேச்சு நம் பக்கத்தில் உண்டா? ஆஸ்பத்திரி வாசலிலும், போலீஸ் ஸ்டேஷனிலும், எம்.எல்.ஏ. வீட்டு முன்னாலும் தினமும் நூறு பேர் இதைச் சொல்கிறார்கள். கேட்டவர் எவரும் பிள்ளையைக் கையோடு தூக்கிக்கொண்டு போனதில்லை.

வசூல் ரீகன் சொன்னபடியே நடந்தது. கம்பெனியில் பக்கத்து மேஜைத் தமயந்தி அக்கா தலைமையில் எல்லோரும் போட்டார்கள். சூடு பிடித்தது. நடுவில் பள்ளம் வந்தது. இதழினி தன் விழுந்த பல்லை மண்ணில் புதைத்துவிட்டு, “பல்லுச் செடி மொளைக்குமாம்மா?” என்று கேட்கிற துண்டு வெளியானதும் பள்ளம் தூர்ந்து மேடாகிவிட்டது. கனடாவிலிருந்தும் துபாயிலிருந்தும் கொட்டினார்கள். எட்டாவது மாதத்தில் மூன்று கோடியைத் தொட்ட அன்று கோகிலவாணி கம்பெனி முழுக்க ஜிலேபி கொடுத்தாள். மறுநாள் காலை ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். அதற்குள் எண்ணிக்கை நான்கு கோடியைத் தாண்டியிருந்தது. சந்தோஷத்தில் அவள் அதைக் கவனிக்கவில்லை.

“ஆபரேசனுக்கு எங்கீங்க கையெழுத்துப் போடோணும்?” என்றாள்.

டாக்டர் சாதிக் தர்மசங்கடத்தோடு நெளிந்தார். “உங்க கையெழுத்து மட்டும் போதாதாம்மா. பெற்றோர் எல்லாரோட ஒப்புதலும் வேணும்னு சிஸ்டம் கேக்குது.”

“அவங்கப்பா இல்லீங்களே.”

“அவரச் சொல்லல. ரெண்டு லட்சத்து சொச்சம் பெற்றோர் இருக்காங்களாம்.”

ரீகனை வரவழைத்தாள். அவன் முகம் வெளிறியிருந்தது. முன்பு ஊரை ஏமாற்றி வசூல் பண்ணிக்கொண்டு ஓடியவர்களைப் பிடிப்பதற்காக ஒரு சட்டம் வந்திருந்தது. வசூலில் கொடுக்கிற வாக்கு எதுவானாலும் அது ஒப்பந்தம். ஒவ்வொரு காணொளியையும் ஒரு பொறி கேட்டு, அதிலுள்ள வாக்குகளைப் பொறுக்கிப் பதிந்துகொள்ளும்.

“பனியன் தர்றேன், நன்றி அட்டை தர்றேன்னு சொல்லிட்டுத் தராம போறாங்க பாருங்க, அதுக்காக வச்சது அக்கா,” என்றான் ரீகன். “நீங்க சொன்னத அது அப்படியே எடுத்துக்கிச்சு. ‘உங்க பிள்ளை, நீங்க என்ன முடிவு பண்ணாலும் சரி.’ இலக்கு வரைக்கும் வந்தது தானம். அதுக்கு மேல வந்த பணத்துக்குக் குடுத்தவங்கதான் எஜமான். மேல பணம் வந்த நிமிஷமே அந்த வாக்கு உயிராயிருச்சு. கொஞ்சமா ஒரு ரூபா தாண்டியிருந்தாக்கூட இதுதான்.”

“ஏந்தம்பி, அது பேச்சுக்குச் சொல்றதில்லீங்களா? உங்கூட்டு அம்மாவுஞ் சொல்லியிருப்பாங்களே?”

“சொல்லியிருக்காங்க அக்கா. என்னைய காலேஜ்ல சேக்கறப்ப பாதர் கிட்ட இதையேதான் சொன்னாங்க.” அவன் தலையைக் குனிந்துகொண்டான். “அந்தப் பொறியச் செஞ்சவங்க வீட்டுல யாரும் அப்படிச் சொல்லல போல.”

கவலைப்பட வேண்டாம், எல்லோரும் நல்லவர்கள், உடனே சம்மதித்துவிடுவார்கள் என்றும் சொன்னான். எல்லோரும் நல்லவர்கள்தான். அதுதான் வினையாகப் போயிற்று. ஒப்புதலுக்காகச் செயலி வைத்த ஓட்டெடுப்பில் யாரோ ஒருவர், ஜப்பானில் தழும்பே விழாமல் பொருத்துகிற முறை வந்துகொண்டிருக்கிறது, ஆறு மாதம் பொறுத்தால் என்ன என்று எழுதினார். பெண் பிள்ளையாயிற்றே, நாளைக்குக் கட்டிக்கொடுக்க வேண்டாமா என்று நூறு பேர் ஆமோதித்தார்கள். மேலே சேர்ந்த பணத்தில் பார்வையையும் சரி பண்ணிவிடலாம் என்றார் இன்னொருவர். எலும்பையும் பலப்படுத்திவிட்டால் பிற்காலத்துக்கு நல்லது என்றார் மற்றொருவர். ஒவ்வொன்றுக்கும் ஒரு புது இலக்கு. ஒவ்வொரு இலக்குக்கும் ஒரு புது வசூல். செயலியின் பங்கு ஒவ்வொன்றிலும் உண்டு என்பதால் சூடு ஆறாமல் அதுவே பார்த்துக்கொண்டது. கண்ணாடித் தொட்டிலில் இதழினி அசையாமல் கிடந்தாள்.

வக்கீலைப் பார்த்தாள். வழக்கு நிற்கும், ஆனால் ஐந்து வருஷம் இழுக்கும் என்றார் அவர். அப்போதுதான் பணம் போதும் என்று அழுது காணொளி போட்டாள். அதற்கு என்ன ஆயிற்று என்பதைத்தான் முதலிலேயே சொல்லிவிட்டேனே. ‘எவ்வளவு தன்மானமுள்ள தாய்!’ என்று எழுதி எழுதி அனுப்பினார்கள். எண்ணிக்கை பதினோரு கோடிக்குப் போனது.

துயில் தொடங்கிப் பதினைந்து மாதம் ஆகியிருந்தது. கோகிலவாணிக்குச் சோறு இறங்கவில்லை. செக்கிங் மேஜையில் துணியை விரித்தால் ஓட்டை தெரியவில்லை, மகள் முகம்தான் தெரிந்தது. தன் முகம் மகளுக்குத் தெரியாமல் போகப்போகிறது என்ற நினைப்பு அவளைப் பிடித்து ஆட்டியது. பெற்ற பிள்ளை கண் விழித்து ‘இது யாரு’ என்று கேட்டால், அதற்குப் பிறகு உயிரோடு இருந்து என்ன, இல்லாமல் என்ன என்று நினைத்தாள்.

ரீகனைக் கம்பெனிக்கு எதிரே இருக்கிற பேக்கரிக்கு வரச்சொன்னாள்.

“தம்பி, சூட்ட ஏத்தறதுக்கு எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க. அணைக்கறது எப்புடின்னு சொல்லுங்க.”

அவன் டீயை ஆற்றினான். “எங்க டிரெய்னிங்ல ஒண்ணு சொல்லுவாங்க அக்கா. இலக்கத் தாண்டுன வசூல்ல ஒரே ஒரு அபாயம்தான் பெருசு. பணம் எங்க போகுதுன்னு சந்தேகம் வந்துட்டா, குடுத்த வேகத்த விட வேகமாத் திரும்ப எடுப்பாங்க. மேல வந்தது மொத்தமும் போயிட்டா அந்த வாக்கும் செத்துரும், உங்க கையெழுத்தே போதும்.” சுற்றும்முற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். “பாப்பா மேல யாருக்கும் கோவம் வராது. வந்தா உங்க மேலதான் வரணும்.”

“எம்மேல வரட்டுமுங்க,” என்றாள் கோகிலவாணி. “நா என்ன எலெக்சன்லயா நிக்கப்போறேன்?”

கல்யாண அலங்காரக் கடையில் கவரிங் ஆரமும் ஒட்டியாணமும் கை வங்கியும் வாடகைக்கு எடுத்தாள். தமயந்தி அக்காவின் பட்டுச் சேலையை உடுத்திக்கொண்டாள். அவிநாசி ரோட்டில் இருக்கிற பெரிய ஓட்டலில் மேஜை நிறையப் பலகாரத்தை வரவழைத்து முன்னால் வைத்துக்கொண்டாள். படம் எடுத்தது தமயந்தி அக்காதான். சிரிக்க வேண்டும் என்று வீட்டுக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தபோதெல்லாம் வராத சிரிப்பு, அங்கே தானாகவே வந்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டு அவளே பயந்துபோனாள்.

“எம்புள்ள தூங்கறா, நானாச்சும் நல்லா இருக்கறேனுங்க. எல்லாம் உங்க புண்ணியமுங்க!” என்று ஆரத்தைத் தூக்கிக் காட்டினாள்.

ஊர் பற்றிக்கொண்டது. நேற்றுவரை தாயே என்றவர்கள் பேயே என்றார்கள். அவள் சாதியைத் தோண்டினார்கள், செத்துப்போன புருஷனையும் விடவில்லை. கம்பெனி வாசலில் ஒருவன் காறித் துப்பிவிட்டுப் போனான். கோகிலவாணி முந்தானையால் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். கைப்பேசியை எடுத்து எண்ணிக்கையைப் பார்த்தாள். பதினொன்று ஒன்பதாகியிருந்தது. பொழுது சாய்வதற்குள் ஆறாகியது. வாழ்நாளில் அவள் அவ்வளவு நிம்மதியாக ஒரு வசவையும் கேட்டதில்லை.

மூன்றாம் நாள் ரீகன் அவளைத் தேடிப் பேக்கரிக்கு நேரிலேயே வந்துவிட்டான். மூச்சு வாங்கியது.

“அக்கா, ஓட்டெடுப்பு வச்சிருக்காங்க. இருக்கற பணத்த நீங்க திங்கறதுக்கு முன்னாடி பாப்பாவுக்கு உடனே ஆபரேஷன் பண்ணிரணும்னு.”

கோகிலவாணி இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டாள். “மாரியாத்தா! பலிச்சுப்போச்சு தம்பி.”

“முழுசாக் கேளுங்க. அதே கேள்வியில இன்னொண்ணும் சேத்திருக்காங்க. ‘தாயை நீக்கிவிட்டு வேறு பாதுகாவலர் வைப்பது.’ ரெண்டுக்கும் ஒரே பொத்தான். நீங்கதானே அக்கா ‘உங்க புள்ள’ன்னு வாக்குக் குடுத்திருக்கீங்க? பொறி அப்படித்தான் வச்சிருக்கு. சட்டப்படி செல்லும்.”

அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“இப்பவே நேரலையில வாங்க,” என்றான் ரீகன். கண் கலங்கியிருந்தது. “கவரிங் ரசீதக் காட்டுங்க, நடிச்சேன்னு சொல்லுங்க. இப்ப சொன்னா நம்புவாங்க. எல்லாம் நின்னுரும்.”

“ஆபரேசனுமுங்களா?”

“ஆபரேஷனுந்தான். மறுபடி ஜப்பான், எலும்புன்னு ஆரம்பிப்பாங்க.”

பேக்கரிக்காரர் தேங்காய் பன்னை அடுக்கிக்கொண்டிருந்தார். கோகிலவாணி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து சேலையை உதறினாள்.

“அப்ப நாஞ் சொல்லலீங்க தம்பி. நீங்களுஞ் சொல்லிப்போடாதீங்க.”

நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பேர் பொத்தானை அமுக்கியிருந்தார்கள்.

புதுப் பாதுகாவலராக விமலா ஜெயசீலன் என்ற ஓய்வுபெற்ற தலைமையாசிரியை வந்தார். கோயம்புத்தூரில் தோட்டம் வைத்த வீடு, சொந்தப் பிள்ளை கிடையாது. ஆபரேஷன் அன்று கோகிலவாணியை ஆஸ்பத்திரி கேட்டுக்குள் விடவில்லை. எதிர்த்த டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். மறுநாள் மத்தியானம் டாக்டர் சாதிக் சாலையைக் கடந்து அவளிடமே வந்தார். அப்படி வருவது அவர் வேலைக்கு ஆபத்து.

“பொழச்சுட்டாம்மா,” என்றார். “ஈரல் நல்லா ஒட்டிக்கிச்சு. கண்ண முழிச்சதும் அம்மா எங்கன்னு கேட்டா. உங்க போட்டோவக் காட்டினேன். இதான் அம்மான்னு கரெக்டாச் சொல்லிட்டா.”

“மறக்கலீங்களா?”

“ஒண்ணும் மறக்கலம்மா.”

கோகிலவாணி நடுத்தெருவில் சிரித்தாள். அழுதாள். டாக்டரின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தாள். இனி ஊருக்கு உண்மையைச் சொல்லிப் பிள்ளையைக் கேட்க வேண்டியதுதான் பாக்கி என்று நம்பினாள்.

ரசீதைக் காட்டி, தமயந்தி அக்காவைப் பக்கத்தில் நிறுத்தி, நடந்ததையெல்லாம் சொல்லிக் காணொளி போட்டாள். ரீகனும் தன் பெயரைப் போட்டுச் சாட்சி எழுதினான். அவனை வேலையை விட்டு அனுப்பினார்கள். கோகிலவாணிக்குக் கிடைத்த பதில்களில் அதிகம் பேருக்குப் பிடித்துப்போனது இது: ‘நடிச்சேன்னு இப்ப நடிக்கிறா.’

விமலா டீச்சர் ஒரே ஒரு முறை போனில் பேசினார். குரலில் கோபம் இல்லை. “உங்களைப் பார்த்தால் குழந்தை குழம்பிப்போகும்மா. அவள் நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகப் படிக்கிறாள். நீங்கள் உண்மையிலேயே தாயாக இருந்தால் ஒதுங்கி இருங்கள்,” என்றார். வக்கீல் மறுபடியும் ஐந்து வருஷம் என்றார்.

மகளைப் பார்க்க ஒரு வழிதான் இருந்தது. நூறு ரூபாய் கட்டினால் யாரும் பெற்றோராகி ஓட்டுப் போடலாம். தன் பெயரில் சேர விடமாட்டார்கள் என்பதால் தமயந்தி அக்காவின் மருமகன் பெயரில் கட்டிப் பெற்றோர்களில் ஒருத்தியானாள் கோகிலவாணி. பெற்றோர்களுக்குச் செயலியில் வாரம் ஒரு காணொளி வந்தது. இதழினி நடக்கிறாள். இதழினி தோசை தின்கிறாள். இதழினிக்குப் பூனைக்குட்டி. தமயந்தி அக்காவோடு டீ இடைவேளையில் கம்பெனி மாடிப்படியில் உட்கார்ந்து, ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பிள்ளை சதை பிடித்திருந்தாள். முன்னைப் போல வாய் ஓயாமல் பேசினாள். அதைப் பார்க்கும்போது கோகிலவாணிக்கு வயிறு குளிர்ந்தது, எரியவும் செய்தது.

ஒரு புதன்கிழமை காணொளியோடு ஓட்டெடுப்பும் வந்தது. ‘குழந்தை தினமும் அம்மாவைக் கேட்டு அழுகிறாள். சாப்பிட மறுக்கிறாள். என்ன பதில் சொல்லலாம்? பெற்றோர்கள் முடிவு செய்க.’ இரண்டு பொத்தான்கள் இருந்தன.

‘உன் வைத்தியத்துக்கு வந்த பணத்தில் நகை வாங்கியவள் உன் அம்மா. அதனால் அவளை நீக்கிவிட்டோம்.’

‘உன் அம்மா இறந்துவிட்டாள்.’

மூன்றாவதாக ஏதாவது இருக்கிறதா என்று திரையைக் கீழே தள்ளித் தள்ளிப் பார்த்தாள். இல்லை. உண்மைதானே சொல்ல வேண்டும் என்று முதல் பொத்தானுக்கு ஆதரவாக நிறையப் பேர் எழுதியிருந்தார்கள். பிள்ளைகளிடம் பொய் சொல்லக் கூடாது என்று ஒரு மனநல நிபுணர் நீளமாக விளக்கியிருந்தார். முதல் பொத்தான்தான் முந்திக்கொண்டிருந்தது. மாலை ஆறு மணியோடு ஓட்டு முடிகிறது.

கோகிலவாணி இரண்டாவது பொத்தானை அமுக்கினாள். யோசிக்கவில்லை. தமயந்தி அக்கா படியில் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து திரையைப் பார்த்தார்.

“அடி பாவி, என்ன பண்ணிப்போட்ட?”

“செத்துப்போன அம்மாளுக்கு நாலு நாளு அழுவாளுங்க்கா. அப்புறமேலு கும்புட்டுக்குவா.” கோகிலவாணி மூக்கைச் சிந்திக்கொண்டாள். “திருடிக்குப் பொறந்தவன்னா சாகற வரைக்கும் தல நிமுர மாட்டா.”

தமயந்தி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கோகிலவாணிக்கு அழ நேரமில்லை. இரண்டாவது பொத்தான் முன்னூறு ஓட்டு பின்தங்கியிருந்தது. கம்பெனியில் ஆறு லைன், லைனுக்கு நாற்பது பேர், எதிர்த்த கம்பெனியிலும் தெரிந்தவர்கள் இருந்தார்கள். இலக்குக்கு முன்னால் போட்ட பணத்துக்கு ஓட்டு கிடையாது, போனுக்கு ஒரு ஓட்டு. இந்த மாதச் சம்பளம் அப்படியே இருந்தது, தலைக்கு நூறு ரூபாய் அவளே கட்டிவிடுவாள். போதாததற்குக் கடன் வாங்கிக்கொள்ளலாம். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“அழுகாதீங்க்கா, நேரமில்ல. உங்கூட்டுல மொத்தம் எத்தன போனு இருக்குதுங்க?”